பென்சிலம்மாவின் நாற்பத்தொரு சதவீதம்

கல்லூரி மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, ஏழாம் பக்கத்தில், இலக்கியத் துறையின் மூத்த ஆசிரியை ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது: "படைப்பிலக்கியத்தில் இவருடைய பங்களிப்பு குறிப்பிடும்படியாக இல்லை. சொந்தமாக எழுதுவதில் இவருக்கு நாட்டம் குறைவு."

அறிக்கைகளில் இவ்வளவு தெளிவான தமிழைப் பார்ப்பது அபூர்வம். மற்றப் பக்கங்களைப் படிப்பவர் மூச்சு வாங்கி நிற்கும்போது இந்த இரண்டு வாக்கியம் மட்டும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கும். அதில் சொல்லியிருப்பது உண்மையா என்பது வேறு விஷயம்.

அந்த ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் பென்சில். கவிஞர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்துப் பென்சிலம்மா என்றார்கள். முகத்துக்கு நேரே எல்லாக் கவிஞர்களுக்கும் அவர் அக்காதான். திருப்பி அனுப்பிய கவிதை வீடு போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வேறு சில பெயர்கள் வழங்கும். காலையில் கல்லூரியில் பாடம் நடத்துவார். மதியத்துக்கு மேல் ஒரு கவிதைப் பத்திரிகைக்கு ஆசிரியர். பால் அடுப்பில் ஏறியதிலிருந்து பொங்கும் வரைக்கும் கவிஞர். இந்த மூன்றாவது வேலைக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அதிலும் பாதி நாள் பால் பொங்கி வழிந்துவிடும்.

பத்திரிகை காலாண்டிதழ். வருடத்துக்கு மூன்று முறை வரும். நான்காவது காலாண்டு எங்கே போயிற்று என்று சந்தாதாரர் ஒருவர்கூடக் கேட்டதில்லை; கேள்வி கேட்கும் சுபாவம் உள்ளவர்கள் கவிதைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதில்லை. அலுவலகம் என்பது சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்துப் பாதி. மறுபாதியில் சாப்பிடலாம். நடுவில் ஒரு தண்ணீர் ஜாடி எல்லைக்கல்லாக நிற்கும். கணவர் எப்போதாவது தட்டை ஜாடிக்கு அந்தப் பக்கம் நகர்த்தினால், "அது ஆபீஸ்" என்பார் பென்சிலம்மா, தலையைத் தூக்காமலே.

வரும் கவிதை எதையும் முதலில் நின்றுகொண்டுதான் படிப்பார். படித்து முடிப்பதற்குள் உட்காரத் தோன்றினால் கவிதையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் கால் வலி என்று அர்த்தம். இரண்டையும் பிரித்தறிய அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. உட்கார்ந்தபின் பிளேடால் சீவிய பென்சில் வேலையை ஆரம்பிக்கும். வேண்டாத வரிகளை அடிக்கும். எந்த இடத்தில் கவிதை நொண்டுகிறதோ அங்கே ஓரத்தில், மெல்லிய எழுத்தில், ஒரு வரி முளைக்கும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "இப்படி இருக்கலாமோ?" என்று அதற்குப் பொருள். கவிஞர் அதைப் பார்த்துப் புதிதாக எழுதி, பென்சில் பட்ட பழைய தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது பத்திரிகையின் விதி. கவிஞர்கள் பென்சில் அடித்ததற்குக் கோபிப்பார்கள், அழுவார்கள், மூன்று பக்கக் கடிதம் எழுதுவார்கள். ஓரத்தில் முளைத்த வரியை மட்டும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வரிகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சமையலறை அலமாரியில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. பால் பொங்கும் வரைக்குமான கவிதைகள் எல்லாம் அதில்தான். யாருடைய கவிதையாவது ஒரு வரிக்காகத் தவித்து நின்றால், பென்சிலம்மாவின் கை நோட்டில் இருந்ததை நினைவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்துவிடும். நோட்டில் அந்த வரியை அவர் அடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கொடுத்தால் அதை யாராவது டப்பாவில் எழுதி ஒட்டி வைப்பார்களா? கொடுத்தார், மறந்தார். கொடுத்த சர்க்கரையும் வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

வினை அங்கேதான் இருந்தது.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். துறைத் தலைவர் நாற்காலி காலியானது. முப்பத்தோரு வருடமாக அந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ற முறையில், அவருக்கு அதன் மேல் கண் இருந்ததில் தப்பில்லை. விதியைப் புரட்டினால், கடந்த பத்து வருடத்துக்குள் சொந்தமாக ஒரு நூல், அறுபத்து நான்கு பக்கத்துக்குக் குறையாமல், அச்சில் அல்லது அச்சுக்குத் தயாராக இருக்க வேண்டும். பென்சிலம்மாவின் முதல் புத்தகம் வந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது புத்தகம் அவருக்கு நாற்காலிக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊரெல்லாம் உள்ளவர்களின் இரண்டாவது புத்தகத்துக்கும் மூன்றாவது புத்தகத்துக்கும் முன்னுரை எழுதி எழுதி, இன்னும் ஒருமுறையாவது தன் பெயரை அட்டையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை, வெட்கம் கெட்ட ஆசை, அவருக்குள் உட்கார்ந்திருந்தது. நோட்டை இறக்கினார். ஒரே மாதத்தில் அறுபத்தொரு கவிதைகளைத் தட்டச்சு செய்து, எண்பத்தெட்டுப் பக்கமாகக் கல்லூரியில் கொடுத்தார்.

கல்லூரி அதை எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குள் போட்டது.

இந்த மென்பொருளை வாங்கச் சொல்லி ஆசிரியர் கூட்டத்தில் கை தூக்கியவர் பென்சிலம்மாதான். முதலாமாண்டுப் பையன் ஒருவன் கட்டுரையில் "என் முனைவர் பட்ட ஆய்வில் நான் முன்பே நிறுவியதுபோல" என்று எழுதிக் கொடுத்த வாரம் அது.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். வேதியியல்காரர், எதையும் கலக்கிப் பார்க்காமல் முடிவுக்கு வராதவர்.

"உக்காருங்க மேடம். தண்ணி குடிங்க."

"எனக்குத் தாகம் இல்லையே சார்."

"இனிமே எடுக்கும்." ஒரு தாளைத் தள்ளினார். "நாப்பத்தொண்ணு."

"என்ன நாப்பத்தொண்ணு?"

"சதவீதம். உங்க புக்குல நாப்பத்தொரு சதவீதம் அடுத்தவங்களோடதுன்னு மெஷின் சொல்லுது. எங்க லேப்ல ஒரு கரைசல்ல இவ்வளவு வேற பொருள் இருந்தா அதைக் கலப்படம்னு சொல்லமாட்டோம் மேடம். பாட்டில்ல லேபிளையே மாத்திடுவோம்."

தாள் பூராவும் வண்ணம். பச்சை ஒரு கவிஞர், நீலம் ஒரு கவிஞர். மொத்தம் பதினைந்து நிறம். பதினைந்து பேருமே பென்சிலம்மாவின் பத்திரிகையில் எழுதுகிறவர்கள். முதல்வருக்கு அது குற்றத்தை இன்னும் உறுதியாக்கியது.

"கைக்கெட்டுற தூரத்துல இருந்து எடுத்திருக்கீங்க," என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில். "இந்தச் சிவப்பு யாருன்னு பாருங்க. வெள்ளிக்கிழமை கமிட்டிக்கு வெளியிலேர்ந்து வர்ற நிபுணரே அவர்தான்."

சிவப்பு, அருவி.

அருவி என்பது அந்தக் கவிஞருக்கு நண்பர்கள் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் விழுந்துகொண்டே இருப்பார். கீழே நிற்பவர் நனைவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு காலத்தில் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தர். இன்று விருதுக்காரர், மேடைக்காரர். அவரை அவராக்கியது நாலே வரிக் கவிதை:

அலமாரியைத் திறந்தேன்.
அப்பாவின் சட்டை தொங்கியது.
போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருக்கிறது.
அதுதான் பயமாக இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சுவர்களில் இருக்கிறது. சட்டையைப் பற்றிய கவிதை என்பதாலோ என்னவோ, பனியன்களில்கூட அச்சடித்து விற்கிறார்கள். பென்சிலம்மாவே வருடா வருடம் முதலாமாண்டுக்கு இதை நடத்துகிறார். "நாலு வரியில எப்படி மேம் இவ்வளவு சொல்லிட்டார்?" என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டதற்கு, "நாப்பது வரி எழுதற தைரியம் உள்ளவங்களுக்குத்தான் நாலு வரி வாய்க்கும்" என்று பதில் சொன்னார். வகுப்பு அதைக் குறித்துக்கொண்டது. அவருக்கே ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, நான் திருடியிருக்கேன்."

கணவர் பதிவு அலுவலகத்தின் ஆவண அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பெயர் ரெக்கார்டு. கவிதை படித்ததில்லை, படித்தேன் என்று பொய் சொன்னதும் இல்லை. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "எதை?" என்றார்.

"கவிதை."

"நான் பயந்தே போயிட்டேன்," என்று பேப்பரை மறுபடி எடுத்தார்.

"சிரிக்காதீங்க. பதினஞ்சு பேர்கிட்டேர்ந்து. எனக்கே தெரியாம. முப்பது வருஷமா அடுத்தவங்க கவிதையைப் படிச்சுப் படிச்சு அது உள்ள ஊறிப்போயி, என்னோடதுன்னு நெனச்சு நோட்டுல எழுதியிருக்கேன் போல. அருவியோட சட்டைக் கவிதைகூட இருக்கு. அதை நான் க்ளாஸ்ல நடத்தறேங்க! திருடின நகையைக் கழுத்துல போட்டுக்கிட்டு நகைக்கடையில வேலை பார்த்த மாதிரி!"

"எந்த வருஷம்?"

"எது?"

"அந்தச் சட்டை. உன் பத்திரிகையில வந்தது எந்த வருஷம்?"

வருடத்தைக் கேட்டுக்கொண்டு, முதல்வர் கொடுத்த வண்ணத் தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பின் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம், தும்மல், மறுபடி தும்மல். கவிஞர்கள் விதிப்படி திருப்பி அனுப்பிய பென்சில் தாள்களை அவர் ஒன்றுகூட எறியவிட்டதில்லை. எல்லாம் வருடவாரியாக, வரிசை எண் போட்டு, நாடா கட்டி, அட்டைப் பெட்டிகளில். "கவிதை எனக்குப் புரியாது. தேதி புரியும்" என்பது அவருடைய இலக்கியக் கொள்கை.

ஒரு தாளைக் கொண்டுவந்து ஜாடிக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் பக்கத்தில் வைத்தார்.

நாற்பது வரி. தலைப்பு, "அப்பா ஒரு மலை". அருவியின் இளம்வயதுக் கையெழுத்து. முப்பத்தெட்டு வரிகளின் மேல் பென்சில் கோடு. முப்பத்தோராவது வரியும் முப்பத்திரண்டாவதும் மட்டும் தப்பித்திருந்தன: அலமாரியைத் திறந்தேன், அப்பாவின் சட்டை தொங்கியது. அதற்குக் கீழே, ஓரத்தில், மெல்லிய பென்சிலில் இரண்டு வரி. பென்சிலம்மாவின் கையெழுத்து. பக்கத்தில் கேள்விக்குறி.

அவர் நின்றுகொண்டுதான் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அவருடைய அப்பா குள்ளமான மனிதர். அப்பா இறந்த மாதம், அலமாரியைக் காலி செய்யும்போது ஏதோ தோன்றி அப்பாவின் சட்டையைப் போட்டுப் பார்த்தார். தோள் சரியாக உட்கார்ந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதியது அந்த இரண்டு வரி. மூன்று வாரம் கழித்துத் தபாலில் "அப்பா ஒரு மலை" வந்தது. முப்பது வரி வரைக்கும் நின்றே படித்தார். முப்பத்தோராவது வரியில் உட்கார்ந்தார். யாரென்று தெரியாத ஒரு எழுத்தரின் வீட்டிலும் ஓர் அலமாரி, அதிலும் ஒரு சட்டை. பென்சில் தானாக ஓரத்துக்குப் போயிற்று.

"மொத்தம் பதினஞ்சும் எடுத்துட்டேன்," என்றார் கணவர், வெற்றிப் பெருமிதத்தோடு. "எல்லாத்துலயும் உன் கையெழுத்து. தேதி இருக்கு, தபால் முத்திரை இருக்கு. வெள்ளிக்கிழமை கொண்டுபோய் மேசை மேல போடு. கேஸ் முடிஞ்சுது."

"வேண்டாம்."

"ஏன்?"

"திருடியிருந்தாக்கூட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்களே."

"நல்லாயிருக்கே நியாயம்! உன் பொருள், உன் கையெழுத்து!"

"கொடுத்ததைத் திரும்ப வாங்கினா அதுக்கு வேற பேருங்க. இந்தப் பெட்டியைத் தெறந்தா நாளைக்குப் பதினஞ்சு பேரோட கவிதையையும் யாரு எழுதினான்னு ஊர் கேக்கும். அதுல ஒருத்தர் தன் கவிதையைப் படிச்சுக் காட்டித்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டார். அவர் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அப்ப உன் புக்கு?"

பென்சிலம்மா ஜாடியை எடுத்துத் தண்ணீர் குடித்தார். முதல்வர் சொன்ன தாகம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கணவர் கூடவே வந்தார், பெட்டியோடு. வாசலில் பென்சிலம்மா அவரிடம் சத்தியம் வாங்கினார்: "நீங்க வாயைத் தெறக்கக் கூடாது." அவர் வாயைத் திறக்காமலே தலையாட்டினார். பெட்டியைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லை என்பதைப் பென்சிலம்மா கவனித்திருக்க வேண்டும். ஆசிரியை என்றாலும் சொந்த விஷயத்தில் நிபந்தனைகளைச் சரியாக எழுதத் தெரியாதவர்.

கூட்ட அறையில் நீளமான மேசை, பிளாஸ்டிக் பூ, ரிமோட் தொலைந்ததால் மூன்று மாதமாக ஒரே குளிரில் நிற்கும் ஏ.சி. முதல்வர், அருவி, இன்னும் இரண்டு துறைத் தலைவர்கள். அந்த இருவரும் பேசியதாகக் கூட்டக் குறிப்பில் இல்லை. குளிரில் வாய் திறக்க முடிந்திருக்காது.

அருவி எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து பேச அவருக்கு வராது.

"அக்காவை விசாரிக்க என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. என்ன கொடுமை! எனக்கு எழுத்துக் கத்துக்கொடுத்த கை அது. என் வரி அந்தப் புத்தகத்துல இருந்தா என்ன? கடல் தண்ணி கடலுக்கே போயிருக்கு! நான் மன்னிக்கிறேன். முழு மனசோட மன்னிக்கிறேன். என் கவிதை அக்கா மனசுல அவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்குன்னா, விருது வாங்கினப்பகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரல..."

அவருடைய மன்னிப்பு பன்னிரண்டு நிமிடம் நீடித்தது. மன்னிக்கப்படுவது இவ்வளவு களைப்பான வேலை என்று பென்சிலம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்த ஒரு வாக்கியத்தைப் பல்லால் அடித்தார். பென்சில் கையில் இல்லை.

"மேடம், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் முதல்வர்.

"இந்த வரியெல்லாம் ஏற்கெனவே மத்தவங்க பேருல அச்சாயிருக்கு. அது உண்மை. என்னோட கவனக்குறைவு. எடுத்துடறேன்."

"எப்ப?"

"இப்பவே. அரை மணி நேரம் கொடுங்க. பென்சில் இருக்கு."

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனார்கள். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தன் புத்தகத்தைத் தானே திருத்தி அவருக்குப் பழக்கம் இல்லை. முதல் இரண்டு பக்கத்தில் கோடு கோணலாக விழுந்தது. பிறகு யாரோ ஒரு புதுக் கவிஞர் அனுப்பிய தொகுப்பு என்று நினைத்துக்கொண்டார். உடனே கோடுகள் நேராக விழ ஆரம்பித்தன. மென்பொருள் காட்டிய இடங்களை அடித்தார். வரி போனபின் நிற்க முடியாமல் சாய்ந்த கவிதைகளை முழுதாக அடித்தார். மென்பொருள் விட்டுவைத்த நாலைந்து கவிதைகளையும், நன்றாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அடித்தார். ஓரத்தில் "இது எதற்கு?" என்று ஒரு இடத்தில் எழுதியும்விட்டார்.

ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. தாழ்வாரத்துப் பேச்சு அப்படியே உள்ளே வந்தது.

"என்ன சார், பெட்டியும் கையுமா? ஊருக்கா?" அருவியின் குரல்.

பதில் இல்லை. சத்தியம்.

"பழைய பேப்பரா? பார்க்கலாமா?"

நாடா அவிழும் சத்தம். தாள் சத்தம். அடுத்து அருவி மேடைக் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"'அப்பா, நீ மலை! மலைக்கும் மேலே மலை! கடலே, கடலுக்குள் கடலே!' ஐயய்யோ, யாரு சார் இந்தப் புண்ணியவான்? அப்பாவைப் புகழறானா, ஏலம் போடறானா? பாருங்க, வரிசையா அடிச்சுத் தள்ளியிருக்காங்க. பின்ன என்ன பண்ணுவாங்க? அக்கா எப்படித்தான் இதையெல்லாம் சகிச்சுக்கிறாங்களோ! 'சூரியனும் உன் சுருட்டில் பற்றவைத்த நெருப்பு'... இதை எழுதினவன் கையில பேனாவைக் கொடுத்தது யாரு? இதோ, நடுவுல ரெண்டு வரி மட்டும் பரவாயில்ல. 'அலமாரியைத் திறந்தேன்...'"

அருவி நின்றது.

அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆனால் நின்றது. தாளைத் திருப்பும் சத்தம் மட்டும். வெகுநேரம் கழித்து, பின்பக்கத்தில் இருந்த அனுப்புநர் முகவரியைப் படித்தவராக, சின்னக் குரலில் சொன்னார்:

"இந்த வீட்டை நாங்க காலி பண்ணி இருபது வருஷம் ஆச்சு சார்."

அப்போது ரெக்கார்டு வாயைத் திறந்தார். சத்தியத்தை விட விதி பெரியது.

"ஆவணத்தைப் பார்வையிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அருவி உள்ளே வந்தபோது பென்சிலம்மா சட்டைக் கவிதைப் பக்கத்துக்கு வந்திருந்தார். அருவி நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த வரியை அடிக்காதீங்க."

"அடிச்சாச்சு."

"கமிட்டியில நான் உண்மையைச் சொல்லிடறேன். எல்லாரும் வரட்டும்."

"சொன்னா? பிள்ளைங்க மனப்பாடம் பண்ணியாச்சு. பனியன்ல அடிச்சாச்சு. இனிமே யாரு வந்து அழிக்கிறது? நீங்க உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சா மூணு மணி நேரம் ஆகும், இந்தக் குளிர்ல நாலு பேரு செத்துப்போவாங்க."

"விளையாடாதீங்கக்கா. எத்தனை மேடை! எத்தனை தடவை! அது என்னோடதுன்னே நெனச்சுட்டேன். சத்தியமா ஞாபகமே இல்ல."

"எனக்கும்தான் இல்ல. அவர் பெட்டியைத் தெறக்கற வரைக்கும் நான்தான் திருடின்னு நெனச்சுட்டிருந்தேன்."

"அப்ப அது யாரோட கவிதை?"

பென்சிலம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "முப்பத்தெட்டு வரி அடிச்சு அனுப்பினேன். அந்த வருஷம் இருபத்திரண்டு பேர் என்கிட்ட சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தர் வக்கீல் நோட்டீஸே விட்டார். அதுலயும் மூணு வரி உபரி. நீங்க மட்டும்தான் 'சரி அக்கா'ன்னு பதில் போட்டீங்க. நீங்க வாழ்க்கையிலேயே சுருக்கமா எழுதினது அது ஒண்ணுதான். முப்பத்தெட்டு வரியை விட்டுக்கொடுக்கறது லேசான காரியமில்ல. இன்னிக்கு நானே பண்ணிப் பார்த்தேனே, தெரியுது. அன்னிக்கே அது உங்க கவிதை ஆயிடுச்சு. பேசாம இருங்க."

அருவி பேசாமல் இருந்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கை மேசை மேலிருந்த பிளாஸ்டிக் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

சட்டைக் கவிதையில் இரண்டு வரி போய் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. பென்சிலம்மா அதையே பார்த்தார். அப்பாவின் சட்டை இன்னும் வீட்டு அலமாரியில்தான் தொங்குகிறது. போன வருடம் அதை எடுத்து உதறியபோது ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்து, ஊசியில் நூல் கோத்துத் தைத்து வைத்தார். யார் போடப்போகிறார்கள் என்று கணவர்கூடக் கேட்டார். பென்சில் மெல்ல ஓரத்துக்குப் போயிற்று.

கழுத்துப் பொத்தானைத் தைத்துவிட்டேன்,
அவர் ஒருநாளும் போடாத பொத்தானை.

எழுதியபின் பழக்க தோஷத்தில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கொஞ்சம் யோசித்து அதை அழித்தார்.

அருவி எட்டிப் பார்த்தார். கண் விரிந்தது. பழக்க தோஷம் அவருக்கும் உண்டு.

"அக்கா! இது அதைவிட நல்லாயிருக்கே! ஒருவேளை என்னோட அடுத்த பதிப்புல..."

"இது என்னுது," என்றார் பென்சிலம்மா.

முப்பத்தோரு வருடத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. தாழ்வாரத்தில் நாடா கட்டிக்கொண்டிருந்த கணவர் தலை நிமிர்ந்தார்.

மிச்சம் முப்பத்தொன்பது பக்கம். மென்பொருள் மறுபடி ஓடிப் பூஜ்யம் என்றது. "சுத்தமான கரைசல்," என்று முதல்வர் உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு பக்கத்தை எண்ணி வருத்தப்பட்டார். விதி அறுபத்து நான்கு. நடுவில் படம் போட்டு நிரப்பலாமே என்று யோசனை சொன்னார். பென்சிலம்மா மறுத்தார். நாற்காலி, நான்கு புத்தகம் எழுதிய சக ஆசிரியருக்குப் போயிற்று. அந்த நான்கில் இரண்டுக்கு முன்னுரை பென்சிலம்மா எழுதியது.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையின் வரைவு அவருடைய கையெழுத்துக்காக வந்தது. அவரைப் பற்றிய பகுதி பதினோரு வரி. அதில் மூன்று 'மேலும்', இரண்டு 'என்பது குறிப்பிடத்தக்கது'. எது எழுவாய் என்று குழுவுக்கே தெரிந்திருக்காது. பென்சிலம்மா சாப்பாட்டு மேசையருகே நின்றபடி படித்தார். பொறுக்க முடியவில்லை. ஒன்பது வரியை அடித்து, மிச்சத்தை இரண்டு வாக்கியமாக்கி, ஓரத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டு அனுப்பினார். குழு மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது.

"உன்னைத் திட்டினதை நீயே திருத்திக் கொடுத்தியா?" என்றார் கணவர்.

"திட்டறதை ஒழுங்கா திட்ட வேண்டாமா?"

அவர் அந்தத் தாளின் நகலுக்கும் எண் போட்டு நாடா கட்டினார். அப்போதுதான், ஓய்வுக்காரருக்கு வேறு வேலை இல்லாததால், பெட்டிகளை எல்லாம் இறக்கி எண்ணி முடித்தார். புத்தகம் அடுத்த மாதம் வந்தது. பெயர் "கழுத்துப் பொத்தான்". அட்டையில் அவர் பெயர் இருந்தது. அருவி ஒரே வாக்கியத்தில் மதிப்புரை எழுதினார். பத்திரிகைகள் அச்சுப்பிழை என்று நினைத்து மீதியைக் கேட்டுத் தொலைபேசி செய்தன.

கணவரின் கணக்குப்படி, பென்சிலம்மா முப்பத்தோரு வருடத்தில் சுமார் பதினெட்டாயிரம் கவிதைகளை நின்று படித்தார். இரண்டாயிரத்து முந்நூறை உட்கார்ந்து படித்தார். நூற்று நாற்பத்து மூன்று கவிதைகளுக்குத் தன் நோட்டிலிருந்து வரி கொடுத்தார். ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.